கீமோ ஓடும்போது மஞ்சள், சீந்தில், முள்சீத்தா: விடுவதா, தொடர்வதா, எந்த அளவில்?

"அம்மாவுக்குக் கீமோ நடக்குது. குர்குமின் மாத்திரையைத் தொடரலாமா?" "பிளேட்லெட் இறங்கிடுச்சு, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?" "ஊர்ல இருந்து முள்சீத்தா இலை வந்திருக்கு, தூக்கிப்போடவா, காய்ச்சிக் கொடுக்கவா?" இந்த மூன்றும் வேறு வேறு வடிவத்தில் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். கேட்பவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு பதில் கிடைத்திருக்கும். ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் மருத்துவர்) "எதுவும் வேண்டாம்" என்றிருப்பார். சொந்தக்காரர்கள் "இயற்கைதானே, என்ன கெடுதல் பண்ணிடும்?" என்றிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் குடும்பம் திணறிக்கொண்டிருக்கும்.

கீமோ டே கேர் வார்டில் மருந்தாளுநராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஒப்பீட்டுக்கு வர முடியும். செடிக்குச் சக்தி இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நான் தினமும் கையாளும் மருந்துகளில் பல செடியிலிருந்து வந்தவை. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் கிடைத்தன. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பேக்லிடாக்ஸெல் வந்தது. சீனத்து மரம் ஒன்றில் கண்டெடுத்த கேம்ப்டோதெசினை மாற்றியமைத்து இரினோடெகான் செய்தார்கள். வின்கிறிஸ்டின் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் நரம்பு தாங்காது. இவ்வளவு சின்ன அளவில் இவ்வளவு வேலை செய்யும் பொருள் செடிக்குள் இருக்கிறது என்றால், இன்னொரு செடியின் பொருள் அதன் வேலையில் குறுக்கிடவும் முடியும். அதனால் "இந்த மூலிகை நல்லதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் கீமோ மருந்தோடு, எந்த அளவில், எந்த நாளில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது?

ரத்தத்தில் மருந்தின் அளவு மாறுமா? முதலில் பார்க்க வேண்டியது இது. பல கீமோ மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் சிஒய்பி 3ஏ4 என்ற நொதி. சில செடிகள் அதை முடுக்கிவிடும், சில முடக்கிவிடும். முடுக்கினால் மருந்து வேலை செய்யும் முன்பே வெளியேறிவிடும். முடக்கினால் மருந்து தேங்கி நஞ்சாகும். மனச்சோர்வுக்கென்று ஆன்லைனில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இரினோடெகான் எடுத்த 5 பேருக்கு அதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயைத் தாக்கும் எஸ்என்-38 என்ற வடிவத்தின் அளவு ரத்தத்தில் 42% குறைந்தது. ஐந்தே பேர்தான், ஆனாலும் மருந்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போனது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரையிலும் சுமார் 30% குறைவு தென்பட்டது. எதிர்த்திசைக்கு உதாரணம் கிரேப்ஃப்ரூட்டும் நம்மூர் பம்பளிமாஸும். இவற்றிலுள்ள ஃபுரானோகூமரின் குடலில் இருக்கும் நொதியை ஒரு நாளுக்கும் மேல் முடக்கி வைக்கும்.

மருந்தின் வேலையையே தடுக்குமா? மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் போர்டெசோமிப் ஊசியோடு கிரீன் டீ சாரத்தைச் சேர்த்து 2009இல் அமெரிக்காவில் ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்த்தார்கள். கிரீன் டீயிலிருக்கும் இஜிசிஜி என்ற பொருள் அந்த மருந்தோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைத்தது. மருந்தின் அளவு ரத்தத்தில் சரியாக இருந்தும் அது வேலை செய்யாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஒரே உறுப்பின் மேல் இரட்டைச் சுமையா? சிஸ்பிளாடின் சிறுநீரகத்தை உரசும். ஆக்ஸாலிபிளாடின், பேக்லிடாக்ஸெல், வின்கிறிஸ்டின் நரம்பைத் தொடும். மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைச் சோதிக்கும். மூலிகையும் அதே இடத்தில் கை வைத்தால் சுமை இரண்டாகிவிடும்.

மீதி மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிருமியோ உலோகமோ கலப்படமோ உள்ளே வர வழி இருக்கிறதா? சொல்லப்படும் பலன் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா, அல்லது ஆய்வகக் கண்ணாடித் தட்டில் மட்டுமா? கடைசியாக, இதை எடுப்பது உங்களை மருத்துவரிடம் பொய் சொல்ல வைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் ஓர் அளவுகோலாக எடுப்பதில்லை. என் அனுபவத்தில் அதிகக் கெடுதல் செய்வது இதுதான்.

## வழி 1: எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது

மூலிகை, சூரணம், கஷாயம், சப்ளிமென்ட் எல்லாவற்றையும் முதல் சைக்கிளுக்கு (கீமோ சுற்றுக்கு) முன்பே விட்டுவிட்டு, கடைசி சைக்கிள் முடியும்வரை தொடாமல் இருப்பது.

மருந்தளவு, தடுப்பு, இரட்டைச் சுமை, கிருமி என நான்கு அளவுகோலிலும் இதுவே பாதுகாப்பானது. ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஏறியிருந்தால் காரணம் தேடுவதும் எளிது. போர்டெசோமிப் போடுபவர்கள் கிரீன் டீயை விடுவது, இரினோடெகான் அல்லது இமாடினிப் எடுப்பவர்கள் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை விடுவது, அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பு பூண்டு, இஞ்சி காப்ஸ்யூல்களை நிறுத்துவது ஆகியவற்றில் வேறு பேச்சே கிடையாது.

இதிலும் மறைவான செலவு ஒன்று உண்டு. "எதுவும் கூடாது" என்பதைச் சிலர் சோற்றுத் தட்டு வரைக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள். மஞ்சள் இல்லாத குழம்பு, மிளகு இல்லாத ரசம், இஞ்சி இல்லாத டீ. ஏற்கெனவே நாக்குச் செத்துக் கிடப்பவருக்கு அந்தச் சாப்பாடு இறங்குமா? எடை குறையும், அடுத்த சைக்கிள் தள்ளிப்போகும். தடை மருந்தளவுக்குத்தான், சமையலுக்கு இல்லை என்பதை நாங்களும் வார்டில் தெளிவாகச் சொல்வதில்லை. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

## வழி 2: சமையலில் சேரும் அளவு மட்டும்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3%தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் குழம்பு, பொரியல், ரசம் எல்லாவற்றிலும் சேர்த்து அரை டீஸ்பூன் மஞ்சள் போனால் அது ஏறத்தாழ ஒன்றரை கிராம். அதில் குர்குமின் 50 மில்லிகிராமுக்குள். அதிலும் உடலில் சேர்வது மிகக் கொஞ்சம். இப்போது மாத்திரையைப் பாருங்கள். 2019இல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு 1200 மில்லிகிராம் குர்குமினை நாளைக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். நம் சமையலைப் போல எழுபது, எண்பது மடங்கு. தமாக்ஸிஃபெனிலிருந்து உருவாகி உண்மையில் வேலை செய்யும் எண்டாக்ஸிஃபெனின் அளவு சுமார் 8% குறைந்தது. மிளகுச் சத்தான பைப்பரினையும் சேர்த்தபோது 12% குறைந்தது. எண்டாக்ஸிஃபென் தாராளமாக இருப்பவருக்கு இது பெரிதில்லை. எல்லையில் நிற்பவருக்கு இது பெரிது.

மிளகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில் 20 மில்லிகிராம் பைப்பரின் குர்குமின் உறிஞ்சப்படுவதை 20 மடங்கு உயர்த்தியது. அதைப் பிடித்துக்கொண்டு இன்று குர்குமின் டப்பாக்கள் பலவற்றில் பைப்பரினும் சேர்ந்தே வருகிறது. குர்குமினை உள்ளே இழுக்கும் அதே பைப்பரின், உடைக்கும் நொதியை முடக்கி மற்ற மருந்துகளையும் ரத்தத்தில் உயர்த்தக்கூடியது. ரசத்தில் தட்டிப்போடும் நாலு மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம். தினமும் ஒரு ஸ்பூன் திரிகடுகு சூரணம் தேனில் குழைத்துச் சாப்பிடுவது வேறு விஷயம். மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் இருக்கிறது.

இந்த வழியில் மனிதர்களிடமே சோதித்த ஒரு பலனும் உண்டு. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 576 கீமோ நோயாளிகளுக்கு வாந்தி மாத்திரையோடு நாளைக்கு அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை இஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் குமட்டல் குறைந்தது. நன்றாக வேலை செய்தது அரை கிராமும் ஒரு கிராமும்தான், ஒன்றரை கிராம் இல்லை. எல்லா ஆய்வும் இதே பலனைக் காட்டவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் வாந்தி மாத்திரையைக் கைவிடாமல் இஞ்சி டீ குடிப்பதில் தவறில்லை. பிளேட்லெட் மிகவும் இறங்கியிருக்கும் நாட்களில் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

சமையல் அளவென்றால் சமைத்தது என்றும் பொருள். கீமோ போட்டு 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் தரைதட்டி இருக்கும். அந்தச் சமயத்தில் பச்சையாக அரைத்த கோதுமைப்புல் சாறு, அருகம்புல் சாறு, கழுவியும் கழுவாத கீரைச் சாறு எல்லாம் கிருமிக்கு வாசல் திறந்து வைப்பதுதான்.

## வழி 3: மாத்திரை, சூரணம், சாறு என்று நாமாகச் சேர்த்துக்கொள்வது

நான் அதிகம் பார்ப்பதும் அதிகம் பயப்படுவதும் இந்த வழியை.

டே கேரில் ஒருநாள் ஓர் அம்மாவின் ஒயர்கூடையைத் திறந்து பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரிக்குக் கீழே ஒரு ஸ்டீல் பாட்டில், அதில் கருப்பாகக் கஷாயம். பக்கத்தில் பெயர் எழுதாத ஜிப் கவரில் பச்சைநிறச் சூரணம். "இது என்னம்மா?" என்றேன். "சீந்தில்கொடி தம்பி, எதிர்ப்புச் சக்திக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவார்." அவருடைய எல்எஃப்டி (கல்லீரல் பரிசோதனை அளவு) அந்த மாதம் ஏறியிருந்தது. காரணம் கீமோதான் என்று நினைத்து டோஸைக் குறைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

மறைப்பதன் விலை இதுதான். மூலிகையால் ஏறிய கல்லீரல் அளவுக்குக் கீமோவின் மேல் பழி விழும். டோஸ் குறையும், அல்லது சைக்கிள் தள்ளிப்போகும். குணமாகும் வாய்ப்பு கண்ணுக்குத் தெரியாமல் கசியும். சீந்திலைப் பற்றிய பயம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கொரோனா காலத்தில் மும்பை மருத்துவர்கள் சீந்தில் எடுத்த 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. வேறு கொடியைச் சீந்தில் என்று எடுத்திருக்கலாம் என்றது. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் பாதிப்பைத் தொகுத்து வெளியிட்டன. வேறு கொடி என்றே வைத்துக்கொண்டாலும், ஜிப் கவரில் இருப்பது எந்தக் கொடி என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? மஞ்சள் மாத்திரையாலும் கல்லீரல் பாதித்த 10 பேரை அமெரிக்காவில் 2022இல் பதிவு செய்தார்கள். அதில் ஒருவர் இறந்துபோனார்.

முள்சீத்தாவில் இருக்கும் அன்னோனாசின் சோதனைத் தட்டில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வது உண்மை. மனிதர்களில் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்குச் சான்று இல்லை. கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலை டீயையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் இருப்பதை 1999இல் கவனித்தார்கள். ஆக்ஸாலிபிளாடினால் ஏற்கெனவே விரல் நுனி மரத்துப்போனவருக்கு இந்த இலையைக் காய்ச்சிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பப்பாளி இலைச் சாற்றின் கதை வேறு. டெங்குவில் பிளேட்லெட் இறங்குவதும் கீமோவில் இறங்குவதும் ஒன்றல்ல. கீமோவில் எலும்பு மஜ்ஜையே சில நாட்களுக்கு உற்பத்தியை நிறுத்தியிருக்கும். பெரும்பாலும் அது தானாக மீளும். மீளும் நாளில் சாறு குடித்திருந்தால் பெயர் சாற்றுக்குப் போகும்.

"கீமோ அன்னைக்கு மட்டும் விட்டுடுறேன்" என்று பலர் சமாதானம் செய்துகொள்கிறார்கள். நொதியை முடுக்கும் மூலிகையை நிறுத்தினாலும் அதன் விளைவு அடங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வீட்டிலேயே தினமும் விழுங்கும் கேப்சிடபின், இமாடினிப் போன்ற மாத்திரைகளுக்குக் "கீமோ இல்லாத நாள்" என்று அதிகம் இருப்பதும் இல்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயந்த அளவுக்குப் பிரச்சினை இல்லாமல் போனதும் உண்டு. பூண்டு மாத்திரையோடு டோசிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தை எடுத்த 10 பெண்களிடம் 2006இல் பார்த்தபோது மருந்தளவு பெரிதாக மாறவில்லை. ஆனாலும் குறிப்பிட்ட மரபணு வகை இருந்தவர்களிடம் மருந்து வெளியேறுவது மெதுவானதாகத் தோன்றியது. நீங்கள் எந்த வகை என்று வீட்டில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ள வழியில்லை.

## வழி 4: இரண்டு மருத்துவருக்கும் தெரிந்து எடுப்பது

பட்டம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் ஒருவர், ஆன்காலஜிஸ்ட் ஒருவர். ஒருவர் எழுதுவது மற்றவர் கைக்குப் போக வேண்டும். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு சித்த மருத்துவமனைகள் இருக்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல.

சரியாகச் செய்தால் பலன் வரும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மில்க் திஸில் என்ற மூலிகை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து, கல்லீரல் அளவு ஏறியிருந்த 50 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். 2010இல் முடிவு வந்தது. வின்கிறிஸ்டினின் வேலையை அது கெடுக்கிறதா என்று ஆய்வகத்தில் தனியாகப் பார்த்தார்கள், கெடுக்கவில்லை. 56ஆம் நாளில், கல்லீரல் பரிசோதனை அளவுகளில் ஒன்று மில்க் திஸில் எடுத்த குழந்தைகளிடம் குறைவாக இருந்தது. எந்த மூலிகை, எந்த மருந்தோடு, எத்தனை நாள், எதை அளந்து பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவெடுத்துச் செய்தது அது.

குமட்டல், தூக்கமின்மை, அசதி, மலச்சிக்கல் போன்றவை கீமோவைத் தொடர விடாமல் வாட்டும்போது இந்த வழிதான் மேல். செலவும் அலைச்சலும் கூடும். எல்லா ஆன்காலஜிஸ்ட்டும் காதுகொடுத்துக் கேட்பதில்லை, எல்லா சித்த மருத்துவரும் கீமோ மருந்தின் பெயரைக் கேட்பதில்லை. கேட்காதவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

உலோகம் சேர்ந்த மருந்தென்றால் இந்த வழியிலும் எச்சரிக்கை வேண்டும். புற்றுநோய்க்கென்று கொடுக்கப்படும் ரசகந்தி மெழுகில் பாதரசம் இருக்கிறது. சிஸ்பிளாடின் போடுபவரின் சிறுநீரகம் அதற்கான இடம் இல்லை. இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை 2008இல் அமெரிக்காவில் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஆடுதீண்டாப்பாளை சேர்ந்த எதையும் யார் கொடுத்தாலும் வேண்டாம். அந்தக் குடும்பச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழுதாக நிறுத்துவது | சமையல் அளவு | நாமாக மாத்திரை, சாறு | இரு மருத்துவர் அறிய |
|---|---|---|---|---|
| மருந்தளவு மாறும் அபாயம் | இல்லை | மிகக் குறைவு (பம்பளிமாஸ் விலக்கு) | அதிகம் | பார்த்துத் தவிர்க்கலாம் |
| கல்லீரல், சிறுநீரகச் சுமை | இல்லை | இல்லை என்றே சொல்லலாம் | கணிக்க முடியாது | ரத்தப் பரிசோதனையில் தெரியும் |
| கிருமி, கலப்படம் | இல்லை | சமைத்தால் குறைவு | அதிகம் | தயாரிப்பைப் பொறுத்தது |
| சோதித்த பலன் | – | இஞ்சிக்கு ஓரளவு | பெரும்பாலும் தட்டிலும் எலியிலும் | சிலவற்றுக்கு உண்டு |
| மறைவான செலவு | ருசி, பசி, எடை | ஏதுமில்லை | டோஸ் குறைப்பு, பொய் | பணம், அலைச்சல் |

ஐந்தாவதாக ஒரு வழியையும் கேட்கிறார்கள்: கீமோவே வேண்டாம், மூலிகை மட்டும் போதுமா? இதை நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் யேல் ஆய்வாளர்கள் 2018இல் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

## யாருக்கு எது?

குணமாக்கும் நோக்கத்தோடு கீமோ நடக்கிறது, பக்கவிளைவு தாங்கும் அளவில் இருக்கிறது என்றால் வழி 2. போர்டெசோமிப், இரினோடெகான், இமாடினிப் போன்ற மருந்தென்றால் வழி 2தான், அதோடு நான் மேலே பெயர் சொன்னவற்றை முழுதாக விட வேண்டும். கல்லீரல் அல்லது சிறுநீரக அளவு ஏறியிருக்கிறது, அறுவை சிகிச்சை நெருங்குகிறது, பிளேட்லெட் இறங்கியிருக்கிறது என்றால் அந்த நாட்களுக்கு வழி 1. பக்கவிளைவு கீமோவையே நிறுத்திவிடும்போல் இருக்கிறது என்றால் வழி 4. குணமாக்க முடியாத நிலையில் வலியும் அசதியும் குறைந்தால் போதும் என்று இருப்பவருக்கும் வழி 4தான். அங்கே நோயாளியின் விருப்பத்துக்கு நான் இன்னும் அதிக இடம் கொடுப்பேன்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் பாட்டில், கவர், டப்பா எல்லாவற்றையும் ஒரு புகைப்படம் எடுத்து, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் நர்ஸிடமோ மருந்தாளுநரிடமோ கொடுங்கள், நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சர்க்கரைக்காகச் சிறுகுறிஞ்சானோ வெந்தயப் பொடியோ எடுத்துவந்தவர்கள் திடீரென்று விட்டால் சர்க்கரை ஏறக்கூடும். கீமோவோடு போடும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதை ஏற்றும். அந்த வாரம் காலையிலும் இரவிலும் வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்துக் குறித்து, அடுத்த சைக்கிளுக்கு வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.